மீல்ஸ் வேறு, டிபன் வேறு

ஆங்கிலம் எத்தனை கோணலான மொழி என்று நிறுவும் பட்டியல் ஒன்று பல ஆண்டுகளாக நம்மைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. குத்துச்சண்டை நடக்கும் 'ரிங்' ஏன் சதுரமாக இருக்கிறது, 'பைனாப்பிள்' என்பதில் பைனும் இல்லை ஆப்பிளும் இல்லையே என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியல். முதலில் மின்னஞ்சலில் வந்தது. பிறகு இணையக் குழுமங்களில் உலவியது. இப்போது வாட்ஸப்பில், காலை வணக்கத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பணிஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அல்லது வங்கி அதிகாரிகள். படிக்கும்போது சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் இரவல் தன்மை இருக்கிறது. லண்டன்காரரும் நியூயார்க்காரரும் தங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தங்கள் மொழியைத் தாங்களே கேலி செய்துகொள்கிறார்கள். நாம் எதிர்த் தெருவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நம் திண்ணையிலேயே சரக்கு ஏராளமாகக் கிடக்கிறது என்பது என் கட்சி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஒரே ஒரு நாள் காதில் விழுகிற ஆங்கிலச் சொற்களைக் குறித்துவைத்தால் போதும். அவற்றில் பலவும் ஆங்கில அகராதியில் ஒரு பொருளும், நம் தெருவில் வேறொரு பொருளும், இரண்டும் மோதும் இடத்தில் மூன்றாவதாக ஒரு வேடிக்கையும் கொண்டவை. அந்த வேடிக்கையில் யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சாப்பாடு.

மயிலாப்பூருக்கு வரும் வெளிநாட்டு நண்பர்கள் சிலர் 'மெஸ்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் புகைப்படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கற்பகாம்பாள் பெயரில் ஒரு மெஸ், ராயர் பெயரில் ஒரு மெஸ். அவர்களுக்கு அந்தச் சொல்லுக்குக் குப்பை, அலங்கோலம் என்று பொருள். இராணுவத்தினர் உண்ணும் கூடம் என்ற பொருளும் தெரியும்தான். ஆனால் தெய்வத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கும்போது முதல் பொருளே முந்திக்கொள்கிறது. அழைத்துவந்த நம் ஆட்களும் கூடச் சேர்ந்து சிரித்து, 'எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலம் இப்படித்தான்' என்கிற பாவனையில் தோளைக் குலுக்குவார்கள்.

சொல்லின் கதையோ நேர்மாறானது. 'மெஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு ஒரே பொருள்தான்: மேசையில் கொண்டுவந்து வைக்கப்பட்ட உணவு. விவிலியக் கதையில் ஏசா தன் மூத்த மகன் உரிமையை விற்றது ஒரு 'மெஸ்' கூழுக்காக என்றுதான் பழைய ஆங்கிலத்தில் சொல்வார்கள். அடுத்து, சேர்ந்து அமர்ந்து உண்பவர்களின் குழு என்ற பொருள் வந்தது. கண்டதையும் கலந்த தீனி என்பது அதற்கும் பிறகு. அலங்கோலம் என்பதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஆகவே காலை ஆறரை மணிக்கு வாசலில் வரிசையில் நின்று, உள்ளே இடம் கிடைத்ததும் இலையில் விழும் இட்லிக்காகக் காத்திருக்கும் மயிலாப்பூர்வாசி அந்தச் சொல்லை அதன் மூத்த பொருளிலேயே வழங்கிவருகிறார். கேலி செய்பவருக்குத் தெரிந்ததுதான் இளைய பொருள்.

'டிபன்' இதைவிடச் சுவையான கதை. தியாகராய நகரின் எந்த ஓட்டலிலும் பரிமாறுபவர் கேட்கும் முதல் கேள்வி, "சார், மீல்ஸா டிபனா?" என்பதுதான். என் உறவினர் பெண் ஒருத்தி, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் ஓரளவு பேசுவாள். இந்தக் கேள்வியில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் திணறினாள். "மாமா, டிபன்னாலும் மீல் தானே?" என்றாள். இல்லை என்றேன். "நெய் ரோஸ்ட், பொங்கல், வடை, கடைசியில ஒரு காபி. இவ்வளவும் சாப்பிட்டா?" அப்போதும் அது மீல்ஸ் இல்லை, டிபன்தான். "ஒரு சின்னக் கிண்ணம் தயிர் சாதம் சாப்பிட்டா?" அதைச் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கலாம். அவளுக்குத் தலை சுற்றியது. போதாக்குறைக்கு 'ஒரு மீல்ஸ், ரெண்டு மீல்ஸ்' என்று ஒருமையும் பன்மையும் ஒன்றாய்க் கிடக்கின்றன. 'மினி மீல்ஸ்', 'மினி டிபன்' என்ற உட்பிரிவுகளை நான் அவளிடம் அன்று எடுக்கவில்லை.

ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் தேடுகிறது. (பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சமஸ்கிருத ஏட்டுச் சுவடிகளில் தோய்ந்தவர். அவர் காலை வேளையில் என்ன உண்டார் என்று அறிய எனக்கு ஆசை.) 1785இல் வெளியான குரோஸ் என்பவரின் கொச்சைச்சொல் அகராதியில் 'டிஃபிங்' என்றொரு சொல் உண்டு. அதற்கு அவர் தரும் விளக்கம், உணவு வேளைக்குப் புறம்பாக உண்பது அல்லது குடிப்பது. கவனியுங்கள்: 'மீல்' அல்லாத வேளையில் உண்பது. இங்கிலாந்தில் சொல்லும் போயிற்று, வேறுபாடும் போயிற்று. உஸ்மான் சாலையில் தோளில் துண்டுடன் நிற்கும் பரிமாறுபவர், மீல்ஸ் வேறு, டிபன் வேறு என்று இன்றுவரை அந்த இலக்கணத்தைக் காத்துவருகிறார்.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் ககரம் ஒன்றுதான், பகரம் ஒன்றுதான். வல்லினத்தின் இந்தச் சிக்கனம் ஆங்கிலத்திலேயே இல்லாத சிலேடைகளை நமக்கு இலவசமாகத் தந்திருக்கிறது. மந்தைவெளியில் ஒரு வழக்கறிஞர் வீடு. முன்னறையில் கட்சிக்காரர் ஒருவர் ஆவணக் கட்டுடன் காத்திருக்கிறார். உள்ளேயிருந்து வழக்கறிஞரின் தாயார் குரல் கொடுக்கிறார்: "டேய், கேஸ் தீர்ந்துபோச்சுடா!" கட்சிக்காரர் பதறி எழுந்து, "தீர்ந்துடுச்சாம்மா? யார் பக்கம்மா தீர்ப்பு?" என்கிறார். அந்த அம்மையாரின் நாவில் எரிவாயுவும் வழக்கும் ஒரே ஒலி. எழுத்தில் எல்லோருக்குமே ஒரே எழுத்து. மருத்துவரிடம் போனால் அதே 'கேஸ்' வயிற்றில் இருக்கிறது. அதே மருத்துவமனையின் வேறொரு மாடியில் நோயாளியே 'கேஸ்' ஆகிவிடுகிறார். சபாக்களில் மார்கழிக் கச்சேரிக்கு 'பாஸ்' வேண்டும். அலுவலகத்தில் விடுப்புத் தர 'பாஸ்' வேண்டும். பேச்சில் இவற்றைப் பிரித்துவிடலாம், எழுத்தில் பிரிக்க வழியில்லை.

'மீட்டர்' இன்னும் மோசம். நீளத்தை அளக்கும் அலகு, மின்வாரியப் பெட்டி, ஆட்டோவில் பொருத்திய கருவி, கோடம்பாக்கத்தில் இசையமைப்பாளர் தரும் மெட்டின் அளவு, கந்துவட்டியின் சென்னைப் பெயராகிய 'மீட்டர் வட்டி'. இத்தனையும் ஒரு சொல்லில். இவற்றுள் ஆட்டோ மீட்டர் தத்துவார்த்தமானது. ஓடவே ஓடாத ஒரு கருவியைச் சாட்சியாக வைத்து, "மீட்டருக்கு மேல இருபது ரூபா போட்டுக் குடுங்க சார்" என்று கேட்பதில் உள்ள கற்பனை வளத்தை நம் கவிஞர்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை. கைபேசிச் செயலிகள் வந்தபிறகு இந்த இலக்கியம் மெலிந்துவிட்டது.

வழக்கறிஞர் வீட்டில் 'கட்சிக்காரர்' என்று எழுதினேன் அல்லவா? ஆங்கிலத்து 'பார்ட்டி'யின் இரட்டை வாழ்க்கையைத் தமிழும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழக்காடுபவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். வீட்டுத் தரகர் வாயில் 'பார்ட்டி' என்பது வாடகைக்கு வரும் குடும்பம். "நல்ல பார்ட்டி சார், வெஜிடேரியன் பார்ட்டி" என்று அவர் சொன்னால் கேக்கோ மெழுகுவத்தியோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் இன்னொரு பொருளை மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் வீடு தேடி அலைந்த பலர் அறிவார்கள். அது கத்தரிக்காயைப் பற்றியது மட்டும் அல்ல.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு 'செட்' என்னும் வினைச்சொல்லுக்கு உரியது. நானூற்று முப்பதை ஒட்டிய பொருள்கள் என்பார்கள். (பின்னர் 'ரன்' அதை முந்திவிட்டது.) அந்த அகராதிக்காரர்கள் மாட வீதிப் பக்கம் வந்திருந்தால் இன்னும் சில கிடைத்திருக்கும். செட் தோசை. 'அந்தச் சம்பந்தம் செட் ஆகலை.' 'அவன் எங்க செட்டு', அதாவது என்னுடன் ஒரே ஆண்டில் படித்தவன். 'ரெண்டு பேரும் செட்டு சேர்ந்துட்டாங்க', அதாவது எனக்கு எதிராக. கடைசிப் பொருளின் கசப்பை எந்த ஆங்கிலச் சொல்லாலும் பெயர்க்க முடியும் என்று தோன்றவில்லை.

இதையெல்லாம் கேட்டதும் தூயதமிழ் அன்பர்கள் வருந்துவார்கள். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த இயக்கம் நமக்குத் தந்தவை கொஞ்சமல்ல. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வந்த சொல் வந்த பொருளிலேயே நிற்க வேண்டும் என்றோ, வரவே கூடாது என்றோ சொல்பவர்கள் மயிலாப்பூரின் கச்சேரி சாலையில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். மார்கழியில் இசை கேட்க வரும் வெளியூர் அன்பர்கள், இத்தனை சபாக்கள் உள்ள ஊரில் ஒரு சாலைக்கே கச்சேரி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோவதுண்டு. அந்தக் கச்சேரி வேறு. இந்துஸ்தானியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு நீதிமன்றம், அரசு அலுவலகம் என்று பொருள்; வெள்ளைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டு தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்தார்கள். தமிழோ அந்தச் சொல்லைக் கையில் வாங்கி, தாசில்தார் அமர்ந்திருந்த இடத்தில் பாடகரை அமர்த்திவிட்டது. இன்று கச்சேரி என்றால் யாருக்காவது வழக்கு நினைவுக்கு வருகிறதா? வேற்றுச் சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்வது நமக்குப் பழைய பழக்கம். இந்துஸ்தானிக்குச் செய்தால் அது பண்பாடு, ஆங்கிலத்துக்குச் செய்தால் அது அறியாமை என்று ஏன் ஆயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, சிரிப்பில் இரண்டு வகை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று சிலேடை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பொருந்தவைத்த காளமேகத்திலிருந்து அதற்கு நம்மிடம் நீண்ட வம்சாவளி உண்டு. மயிலாப்பூர் அந்த வம்சத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் இருவரைத் தந்தது. ஒருவர் உ.வே. சாமிநாதையரின் மாணவரும் கலைமகள் ஆசிரியருமான கி.வா. ஜகந்நாதன். வழியில் கார் நின்றுவிட்டது; உடன் வந்தவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள்; முதியவரான கி.வா.ஜ. மட்டும் தாம் 'தள்ளாதவர்' ஆகிவிட்டதாகச் சொன்னார் என்பது அவரைப் பற்றி வழங்கும் பல கதைகளில் ஒன்று. அதில் காயப்பட்டவர் யாருமில்லை, பட்டிருந்தாலும் அவரேதான்.

இன்னொருவர் கிரேசி மோகன். கிண்டியில் பொறியியல் படித்தவர், வெண்பா எழுதியவர், 2019 ஜூனில் மறைந்தவர். தமிழும் ஆங்கிலமும் உரசும் இடத்திலேயே அவருடைய நாடகங்கள் குடியிருந்தன. 'மேரேஜ் மேட் இன் சலூன்' என்று தலைப்பு வைத்தாரே, கே. பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கிய நாடகம், அந்தத் தலைப்பைக் கேட்டுச் சிரிக்க ஆங்கிலப் பழமொழியும் தெரிந்திருக்க வேண்டும், ஊர் முடிதிருத்தகமும் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பாத்திரங்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டே இரண்டு மணி நேரத்தை ஓட்டுவார்கள். ஆனால் அங்கே முட்டாள் என்று தனியாக ஒருவர் கிடையாது. சொல் எல்லோரையும் சமமாக வழுக்கிவிடும்.

இரண்டாவது வகை வேறு பரம்பரை. சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலும் எடுபிடியும் செய்தவர்கள் பேசிய ஆங்கிலத்துக்குத் துரைமார்கள் 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயரிட்டார்கள். ஹூகோ ஷூகார்ட் என்ற மொழியறிஞர் 1891இலேயே அதை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். துரைமார்களுக்கு அது இரவு விருந்தில் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்த விருந்துக்கு எப்போதாவது அழைக்கப்பட்ட நம் வக்கீல்களும் கல்லூரி ஆசிரியர்களும் அந்தச் சிரிப்பையும் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். துரை பட்லரைப் பார்த்துச் சிரித்தார். வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். கான்வென்ட் பிள்ளை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறது. ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று கீழ்ப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'அவர் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டீர்களா?' என்ற வாசகம் நம் நடுத்தர வர்க்கத்தில் இன்றும் ஒருவரை முடித்துவைக்கப் போதுமானது.

பம்மல் சம்பந்த முதலியார் இதை வேறுவிதமாகக் கையாண்டார் என்று எனக்குப் படுகிறது. அவருடைய நாடகத்திலிருந்து 1941இல் வந்த 'சபாபதி' படத்தில் காளி என். ரத்தினம் ஏற்ற வேலைக்காரன், சொன்னதைச் சொன்ன சொல்லுக்கே எடுத்துக்கொண்டு எஜமானைப் படாதபாடு படுத்துவான். ஆனால் டி.ஆர். ராமச்சந்திரன் ஏற்ற எஜமானும் சபாபதிதான், அவனும் அசடுதான். ஒரே பெயர், இரண்டு பேர். முதலியார் நீதிமன்றத்தில் அமர்ந்தவர், இரண்டு தரப்பையும் கேட்கத் தெரிந்தவர். அந்தச் சமநிலை பின்னாளைய நம் திரை நகைச்சுவையில் வேகமாகக் கரைந்துபோனது. தப்பாக ஆங்கிலம் பேசும் கிராமத்தான், 'மிஸ்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாத சமையற்காரர் என்று எத்தனை காட்சிகள்! அவர்கள் எதிரில் நிற்பவர் ஒருபோதும் வழுக்குவதில்லை.

இந்த இரண்டாம் வகைச் சிரிப்பு வெறும் ரசனைக் குறைவு என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். 2020இல், பெருந்தொற்றின் முதல் ஆண்டில், அடையாற்றில் எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் வேலை செய்துவந்த ஒரு பெண்மணிக்குப் பரிசோதனை எடுத்தார்கள். மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசியில் ஒரே சொல் வந்தது: நெகட்டிவ். அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். இரண்டு பிள்ளைகளை யாரிடம் விடுவது என்றுதான் அவருடைய அழுகை. விஷயம் புரிந்து யாரோ ஒருவர் தெளிவுபடுத்துவதற்குள் அரை மணி நேரம் போயிற்று. அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் அது ஒரு துணுக்காக உலவியது. சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன.

அந்தப் பெண்மணிக்குச் சொல் தெரியாமலில்லை. 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம் ஊர் எந்தப் பொருளில் வழங்குகிறதோ அந்தப் பொருளில் அவருக்கு அது மிக நன்றாகவே தெரியும். 'நெகட்டிவா பேசாதீங்க', 'நெகட்டிவ் எனர்ஜி', 'பாசிட்டிவா இருங்க' என்று அவர் வேலை செய்யும் வீடுகளில் நாள் முழுதும் ஒலிப்பது வேறென்ன? நல்லது பாசிட்டிவ், கெட்டது நெகட்டிவ். தொலைக்காட்சித் தொடர் கற்றுத்தந்த பொருள் அது; எஜமானியம்மாள்களும் அதே பொருளில்தான் பேசுகிறார்கள். தேடிய கிருமி கிடைக்கவில்லை என்ற ஆய்வுக்கூடப் பொருள் ஒரு குழுவின் தொழில்மொழி. இரண்டு பொருளும் தெரிந்தவர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார். 'உங்களுக்குத் தொற்று இல்லைம்மா' என்று சொல்ல அவருக்கு மூன்று நொடி ஆகியிருக்கும். இரண்டு பொருள் தெரிந்தவர் ஒரு பொருள் மட்டும் தெரிந்தவரிடம் பேசும்போது எந்தப் பொருள் என்று சொல்லும் கடமை முன்னவருடையது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னவரைப் பார்த்துச் சிரிப்பது, வழியில் கல்லை வைத்தவனே தடுக்கியவரைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான்.

வங்கியில் 'இன்ட்ரஸ்ட்' உண்டா என்று கேட்டால் வட்டியா ஆர்வமா என்பது துணுக்கு. கடன் பத்திரத்தில் அதே சொல்லுக்குக் கீழே கையெழுத்து வாங்கும்போது அது துணுக்கு அல்ல. அரசு மருத்துவமனையில் 'டாக்டர் ஓ.பி.யில இருக்கார்' என்றால் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். நம் கல்லூரி மாணவனுக்கு ஓ.பி. அடிப்பதென்றால் வேலை செய்யாமல் பொழுதைக் கழிப்பது. நூறு பேர் நிற்கும் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு எந்தப் பொருள் தோன்றும் என்பது அவரவர் அனுபவத்தைப் பொறுத்தது.

'அப்படியானால் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போயிற்று' என்பார்கள் ஒரு சாரார். கற்கட்டும், நல்லது. ஆனால் ஒழுங்கான ஆங்கிலம் என்பதே எவ்வளவு ஒழுங்கு? 'பார்க்' என்றால் பூங்கா, வண்டியை நிறுத்துவதும் 'பார்க்'. பனகல் பார்க்கில் பார்க் பண்ண இடமில்லை என்று சலித்துக்கொள்பவர் ஒரு வாக்கியத்தில் பல நூற்றாண்டு வரலாற்றைக் கடந்துவிடுகிறார். அரசர்கள் வேட்டைக்கு வேலியிட்டு வைத்த நிலம், இராணுவம் பீரங்கிகளை வரிசையாக நிறுத்திய திடல், பிறகு கார். மயிலைக் குளத்தருகே பேருந்து நிறுத்தத்தை 'டேங்க்' என்பார்கள். அதைக் கேட்டு பீரங்கி வண்டியைத் தேடிய ஓர் ஐரோப்பியரைப் பற்றிய கதையை நீங்களும் கேட்டிருக்கலாம். நீர்நிலையைக் குறித்த அந்தச் சொல்லுக்கு, போர்ச்சுகீசியத்தையும் குஜராத்தியையும் பூர்வீகமாகச் சொல்வார்கள். 1916இல் முதன்முதலாகக் களமிறங்கிய போர்வண்டியை அதுவரை இரகசியமாக வைத்திருக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் புனைபெயரே நிலைத்துவிட்டது. குளக்கரையில் இறங்கி 'டேங்க்' எங்கே என்று திகைப்பவரைவிட டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் நடத்துநர் சொல்லின் பழைய பொருளுக்கு அருகில் நிற்கிறார். (அவர் அகராதியில் பயணியும் 'டிக்கெட்'தான். 'ரெண்டு டிக்கெட் எறங்கணும், ஹோல்டான்!')

என் விண்ணப்பம் எளியது. இந்தச் சொற்களை ஆங்கிலத்தின் பிழைகளாக அல்லாமல் தமிழின் சொற்களாகக் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்தது. புழக்கத்தில் உள்ள தமிழை அகராதிக்குள் கொண்டுவரலாம் என்ற துணிவைக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் காட்டியது. அந்த வரிசையில் அடுத்து வருகிறவர்கள் 'கரெக்ட் பண்ணுதல்' என்ற பதிவின் கீழ், விடைத்தாள் திருத்துதல், அதிகாரிக்குப் பணம் கொடுத்து வழிக்குக் கொண்டுவருதல், பெண்ணின் மனத்தைக் கவர முயலுதல் என்று மூன்று பொருளும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில், யாரிடையே வழங்குகிறது என்றும் எழுத வேண்டும். எழுதப்பட்ட பொருளை யாரும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பொருள்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு சிலேடை இன்னும் நன்றாகவே சிரிப்பு மூட்டும். காளமேகத்தின் வெண்பா பாம்பும் பழமும் தெரிந்தவர்களுக்குத்தானே?

ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழில் எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இன்னும் ஒன்று. மயிலாப்பூரில் என் பெரியம்மா ஒருவர், எழுபத்தெட்டு வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மருத்துவர் நல்ல தமிழில் 'காலை, மதியம், இரவு - சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினார். புதுச் சீட்டுடன் மாட வீதியில் வழக்கமான மருந்துக் கடைக்குப் போனபோது, கடைப் பையன் பழைய மாத்திரைகள் இவ்வளவு மீந்திருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறான்.

"காலம்பற, ராத்திரி எல்லாம் போட்டுக்கறீங்களா மாமி?"

"ராத்திரி நான் சாப்பிடறதே இல்லையேப்பா. ரெண்டு இட்லியோட சரி. காலம்பறயும் டிபன்தான்."

அவன் சிரிக்கவில்லையாம். மாத்திரை உறையை வாங்கி, அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான்: 'இட்லிக்குப் பின்.'